குழு அஞ்சலில் டிகேஐஎம் கையொப்பம் உடைவது எங்கே?

தலைப்புக்கு (சப்ஜெக்ட்) முன்னால் அடைப்புக்குறியில் குழுவின் பெயர், மெயிலின் அடியில் “விலக இங்கே சொடுக்கவும்” என்று ஒரு வரி. மெயில்மேன் போன்ற குழு அஞ்சல் மென்பொருள் செய்கிற இந்தச் சின்ன உபகாரம்தான், மெயில் வழியில் மாறவில்லை என்று காட்ட அனுப்பும் டொமைன் போடும் டிகேஐஎம் கையொப்பத்தைக் கெடுக்கிறது. சோதித்தே பார்த்துவிடலாம்.

படி 1: ஒரு கணக்கிலிருந்து குழுவுக்கு மெயில் அனுப்பி, உறுப்பினராக உள்ள வேறொரு ஜிமெயில் கணக்கில் திறங்கள். அனுப்பிய கணக்கிலேயே தேடினால் ஏமாறுவீர்கள். குழு சுற்றி வரும் சொந்த மெயிலை ஜிமெயில் தனியாகக் காட்டாது.

படி 2: மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’. அதில் ‘டிகேஐஎம்-சிக்னேச்சர்’ என்ற தலைப்பு வரியைத் தேடுங்கள். ‘பிஹெச்’ என்பது மெயிலின் உடல் பகுதிக்கான ஹாஷ், அதாவது அதிலிருந்து கணக்கிட்ட கைரேகை மாதிரி ஒரு குறியீடு. ‘ஹெச்’ என்பது எந்தெந்தத் தலைப்பு வரிகளுக்குக் கையொப்பம் போட்டிருக்கிறது என்ற பட்டியல். அதில் சப்ஜெக்ட் அநேகமாக இருக்கும். ‘பி’தான் கையொப்பம். ஆக, அடிக்குறிப்பு சேர்ந்தால் ‘பிஹெச்’ பொருந்தாது, தலைப்பில் கைவைத்தால் ‘பி’ பொருந்தாது. கையொப்பத்துக்கு முன் உரையைச் சீராக்கும் ‘ரிலாக்ஸ்டு’ முறை கூடுதல் இடைவெளியை மன்னிக்கும், கூடுதல் சொல்லை மன்னிக்காது.

படி 3: ‘ஆத்தென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்’ வரியைப் படியுங்கள். “பாடி ஹாஷ் டிட் நாட் வெரிஃபை” என்றிருந்தால் உடல் பகுதி மாறியிருக்கிறது. முதல் சந்தேகம் அடிக்குறிப்பின் மேல். அங்கேயே எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு டொமைனின் அனுமதி உண்டா என்ற சோதனை) ‘பாஸ்’ என்று இருக்கும், அதை நம்பி விட்டுவிடாதீர்கள். அது குழு சர்வரின் டொமைனுக்குக் கிடைத்த பாஸ். ஃப்ரம் முகவரியின் டொமைனோடு ஒத்துப்போகாததால் டிமார்க் (ஃப்ரம் டொமைனோடு ஒத்துப்போகும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பாஸைக் கேட்கும் விதி) அதைக் கணக்கில் எடுக்காது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் கொள்கையை ‘ரிஜெக்ட்’ (தேறாத மெயிலை நிராகரி) என்று மாற்றியபோது உலகெங்கும் குழுக்கள் திணறியது இதனால்தான்.

படி 4: குழு அமைப்புகளில் தலைப்பு முன்னொட்டையும் அடிக்குறிப்பையும் காலியாக்குங்கள், ரிப்ளை-டூவையும் (பதில் போகும் முகவரி) மாற்றாமல் விடுங்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான். விலகும் இணைப்புக்கு ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ தலைப்பு வரியே போதும். அப்புறம் படி 1இலிருந்து மறுபடி அனுப்பிப் பாருங்கள்.

அடிக்குறிப்பு வேண்டியே தீரும் என்றால், ஃப்ரம் முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றும் டிமார்க் அமைப்பை இயக்கி, குழு சர்வரே தன் டொமைனில் கையொப்பம் போடும்படி செய்யுங்கள். 2019இல் வந்த ஏஆர்சியும் உண்டு. மெயில் குழுவுக்கு வந்தபோது கையொப்பம் சரியாக இருந்தது என்று அது சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியை ஏற்பதா என்பது பெறும் சர்வரின் இஷ்டம்.