ஷெல்லுக்குள் சரங்களை இணைக்கும் கட்டளையை எழுதுவது எப்படி

சி மொழியில் சொந்தமாக ஒரு சிறு ஷெல்லை எழுதத் தொடங்கி, வரியைப் படித்துச் சொற்களாகப் பிரித்து, ஃபோர்க்கும் (செயல்முறையை நகலெடுத்தல்) எக்ஸெக்கும் (அதில் வேறு நிரலை ஏற்றுதல்) செய்து வெளிக் கட்டளைகளை ஓட்டும் கட்டம் வரை வந்துவிட்டவர்களுக்கானது இந்த வழிகாட்டி. பல சரங்களை (எழுத்துத் தொடர்களை) இடையில் ஒரு பிரிப்பானை வைத்துக் கோத்துத் தரும் கட்டளை ஒன்றை அந்த ஷெல்லின் உள்கட்டளையாக, அதாவது ஷெல்லே செய்யும் கட்டளையாக, சேர்க்கப்போகிறோம். கோக்கும் வேலை பத்து வரிகளுக்குள் முடிந்துவிடும். வெற்றுச் சரம் வந்தால் என்ன செய்வது, சரமே வராவிட்டால் என்ன செய்வது என்பவற்றை முடிவு செய்வதில்தான் நேரம் போகும்.

முதலில் பெயர். ‘ஜாயின்’ என்று வைக்கத்தான் கை போகும். ஆனால் அந்தப் பெயரில் யூனிக்ஸில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது. அது இரண்டு கோப்புகளைப் பொதுவான ஒரு புலத்தை வைத்துச் சேர்க்கிறது. ஃபிஷ் ஷெல்லில் 2016-இல் வந்த 2.3 பதிப்பு இந்த வேலையை ‘ஸ்ட்ரிங்’ என்ற உள்கட்டளையின் துணைக்கட்டளையாக வைத்ததால் அங்கே இந்த மோதல் எழவில்லை. நாம் ‘இணை’ என்றே வைப்போம். பெயரை ஒப்பிடுவது வெறும் பைட் ஒப்பீடுதான் என்பதால் தமிழ்ப் பெயருக்குத் தடை எதுவும் இல்லை. ‘கோ’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகளோ வேறு.

பாஷ் ஷெல்லில் எல்லா ஆர்குமென்ட்களையும் (கட்டளைக்குத் தரும் சொற்களை) ஒரே சரமாகத் தரும் "$*" போதாதா என்று கேட்கலாம். அது ஐஎஃப்எஸ் என்ற பிரிப்பு எழுத்துகளின் மாறியில் உள்ள முதல் எழுத்தை மட்டுமே இடையில் வைக்கும். காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்த ", " போன்ற பிரிப்பானை அதனால் வைக்க முடியாது. வரிகளை ஒட்டித் தரும் பேஸ்ட் கட்டளைக்கு இரண்டு எழுத்துகளைப் பிரிப்பானாகக் கொடுத்தால், அவற்றைச் சேர்த்து வைக்காமல் ஒன்று மாற்றி ஒன்றாக வைக்கும். வெளி நிரலாக எழுதுவதிலும் ஒரு தடை உண்டு: லினக்ஸில் எக்ஸெக் வழியாகச் செல்லும் ஒரு தனி ஆர்குமென்ட் வழக்கமாக 1,31,072 பைட்டுகளைத் தாண்ட முடியாது. உள்கட்டளை எக்ஸெக்கைத் தொடுவதில்லை என்பதால் அந்த எல்லை அதற்குப் பொருந்தாது.

கட்டளையின் வடிவம் இது: முதல் ஆர்குமென்ட் பிரிப்பான், மற்றவை சரங்கள்.

இணை , அ ஆ இ

இதற்கு ‘அ,ஆ,இ’ என்று வரவேண்டும். பிரிப்பானைச் சரத்துக்குப் பின்னால் எழுதிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சியதை வெட்டுவதைவிட, இரண்டாவது சரத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் முன்னால் எழுதுவதே நேரான வழி. அப்படிச் செய்தால் மொத்த எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை; பைப்பில் வரும் வரிகளுக்கும் அதே லூப் போதும்.

‘இது முதல் சரமா’ என்பதை எப்படி அறிவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இதுவரை சேர்ந்த வெளியீடு காலியாக இருந்தால் முதல் சரம் என்று எடுத்துக்கொள்வது இயல்பாகத் தோன்றும். ஆனால் '' அ ஆ என்று முதலில் ஒரு வெற்றுச் சரம் வந்தால், ‘அ’ வரும்போதும் வெளியீடு காலியாகவே இருக்கும். ‘,அ,ஆ’ என்று வரவேண்டிய இடத்தில் ‘அ,ஆ’ என்று வந்துவிடும். ஆகவே எண்ணிக்கையையோ தனியான ஒரு கொடியையோ (ஆம்/இல்லை மாறியையோ) வைத்தே முடிவு செய்யுங்கள். வெற்றுச் சரங்களைத் தானாக விழுங்குவது வசதியாகத் தெரிந்தாலும், அதை ஒரு விருப்பத்தேர்வாக மட்டுமே தரவேண்டும் என்பது என் கருத்து. எதிர்ப்புறமும் உண்மைதான்: நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலான $பாத் மாறியை முக்காற்புள்ளியால் (:) கோக்கும்போது நுழைந்துவிடும் ஒரு வெற்றுச் சரம் ‘நடப்புக் கோப்புறை’ என்று பொருள்பட்டு, அங்கே கிடக்கும் எந்த நிரலையும் ஓடவிடும். விழுங்கும் தேர்வு அந்த இடத்தில்தான் உதவும்.

முடிவை நேரே வெளியீட்டுக்கு அனுப்பாமல் நினைவகத்தில் திரட்ட வேண்டியிருந்தால், எல்லா நீளங்களையும் முதலில் கூட்டி, ஒரே முறை இடம் ஒதுக்கி, அதில் நகலெடுங்கள். சரத்தின் முடிவில் இன்னொன்றை ஒட்டும் ஸ்டிரிங்கேட் செயற்கூறைத் திரும்பத் திரும்ப அழைத்தால் ஒவ்வொரு முறையும் அது தொடக்கத்திலிருந்து முடிவைத் தேடும். பிரிப்பான்களின் எண்ணிக்கை சரங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு என்று கணக்கிடும்போது சரமே இல்லாத நிலையைத் தனியாகப் பிடியுங்கள். குறியில்லா 64 பிட் எண்ணில் பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் 18446744073709551615 கிடைக்கும்.

தமிழ் உரையைக் கோக்க, எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைப் பிரித்துப் படிக்கத் தேவையில்லை. ஒழுங்கான பைட் வரிசைகளை அடுத்தடுத்து வைத்தால் விளைவும் ஒழுங்காகவே இருக்கும்.

ஆர்குமென்ட் இல்லாவிட்டால் உள்ளீட்டிலிருந்து வரிகளைப் படிப்பது என்ற பழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கோப்பை வரிவரியாகப் படிக்கும் லூப்புக்குள் ‘இணை’ அழைக்கப்பட்டு, அதற்குத் தரப்பட்ட பட்டியல் அன்று தற்செயலாகக் காலியாக இருந்தால், லூப்புக்கு உரிய மீதி வரிகளையெல்லாம் அது படித்து முடித்துவிடும். லூப் ஒரே சுற்றோடு சத்தமில்லாமல் நின்றுபோகும். உள்ளீட்டைப் படிக்கத் தனியான ஒரு விருப்பத்தேர்வு கேளுங்கள். அப்போதும் கடைசி வரி புதுவரிக் குறி இல்லாமல் முடிந்தால் அதையும் ஒரு சரமாகவே எண்ண வேண்டும்.

விருப்பத்தேர்வுகள் ‘-’ கோட்டில் தொடங்குவதால், அவை வந்துவிட்டால் அந்தக் கோடும் சிக்கலாகும். தனி ‘-’ பிரிப்பானாகவே கொள்ளப்பட வேண்டும். ‘--’ வந்தால் அதற்குப் பின் விருப்பத்தேர்வுகள் இல்லை. இரட்டைக் கோட்டையே பிரிப்பானாக வைக்க விரும்புகிறவர் அதை இருமுறை எழுதுவார்.

கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்ணான வெளியேறும் நிலையைப் பொறுத்தவரை, ஃபிஷ் ஒரு முறையாவது இணைத்திருந்தால் 0, இல்லாவிட்டால் 1 என்று தருகிறது. ஒரே சரம் வந்தாலும் 1 என்பது முதலில் வியப்பாக இருக்கும். ‘கோக்க எதுவும் இருந்ததா’ என்று ஸ்கிரிப்டில் கேட்க அது உதவுகிறது.

வெளியீட்டைப் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) எழுதினால் கட்டளை முடியும் முன் அதைக் காலிசெய்துவிடுங்கள். இதை மறந்து ஒரு மாலை முழுவதையும் நான் இழந்திருக்கிறேன்: முனையத்தில் சரியாக வந்த வரி, கோப்புக்குத் திருப்பினால் இரண்டு முறை பதிவானது. அடுத்த கட்டளைக்காக ஃபோர்க் செய்தபோது காலிசெய்யப்படாத பஃபரும் குழந்தைச் செயல்முறைக்கு நகலாகி, இரண்டும் தனித்தனியே அதை எழுதிவிட்டிருந்தன.

சோதிக்கும்போது மூன்று வெற்றுச் சரங்களைக் கொடுத்து இரண்டு காற்புள்ளிகள் மட்டும் வருகின்றனவா, வெற்றுப் பிரிப்பானில் சரங்கள் இடைவெளியின்றி ஒட்டுகின்றனவா, புதுவரிக் குறி உள்ள கோப்புப் பெயர் சிதையாமல் வருகிறதா என்று பாருங்கள். பிறகு லினக்ஸில் வெளியீட்டை /டெவ்/ஃபுல் என்ற சாதனக் கோப்புக்குத் திருப்புங்கள். அதில் எழுத முயன்றால் ‘இடமில்லை’ என்ற பிழைதான் திரும்பும். அப்போதும் உங்கள் கட்டளை 0 தருமானால், பஃபரைக் காலிசெய்யும் அழைப்பு திருப்பித் தரும் மதிப்பை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.