பப்பாளிக்கு வைரஸ் வந்துட்டா என்ன பண்ணணும்? புதுசா மரம் வைக்கறவங்களுக்கு

பெங்களூருல வீட்டுப் பக்கத்துல கொஞ்சம் மண்ணு கிடைச்சா நம்மாளுங்க முதல்ல வைக்கறது பப்பாளிதான், ஒரு வருஷத்துக்குள்ள காய் பாத்துடலாம்ல. அதுக்கு பெரிய எமன் ரிங்ஸ்பாட் வைரஸ். இதுக்கு மருந்தே கிடையாது, வேப்பெண்ணெய், மோர், மஞ்சத்தூள்னு யார் என்ன சொன்னாலும் மரத்துக்குள்ள ஏறின வைரஸ் எறங்காது.

ஸ்டெப் 1: அதுதானான்னு பாருங்க
அடி இலை மட்டும் பழுத்து விழுந்தா பயப்படாதீங்க, அது வயசான இலை. வைரஸ்னா கொழுந்துலதான் தெரியும், பச்சையும் மஞ்சளுமா திட்டு திட்டா இருக்கும், முத்திப்போச்சுன்னா இலை அகலமே இல்லாம ஷூ லேஸ் மாதிரி ஆயிடும். நான் நம்பறது காம்பதான். இலைக்காம்பையும் தண்டோட மேல்பாகத்தையும் வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, கரும்பச்சையா எண்ணெய்ப்பசை கோடு கோடா இருக்கும். காய்ல வட்ட வட்டமா வளையம் இருந்தா சந்தேகமே வேண்டாம்.

ஸ்டெப் 2: பிடுங்குங்க
மனசு கேக்காதுதான், ஆனா வச்சிருந்தா பக்கத்து மரத்துக்கும் போகும். இருக்கற காயப் பறிச்சு சாப்பிடலாம், மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாது, இனிப்புதான் கம்மியா இருக்கும். வைரஸ் மண்ணுல தங்காது, அதே குழில புதுக் கன்னு வைக்கலாம். வெட்டின கத்திய சோப்புப் போட்டு கழுவிடுங்க, சாறு வழியாவும் ஒட்டும்.

ஸ்டெப் 3: அடுத்த கன்ன காப்பாத்துங்க
பரப்பறது அசுவினி, செடிச் சாறு உறிஞ்சற குட்டிப் பூச்சி. அது பப்பாளில குடியிருக்காது, பறந்து வந்து சில செகண்ட் குத்திப் பாத்துட்டுப் போயிடும், அதுக்குள்ள வைரஸ் ஏறிடும், அதனால பூச்சிமருந்து அடிச்சு பெருசா பிரயோஜனம் இல்ல. விதை வழியா இது பரவாது, கன்ன நெருக்கமான பூச்சிவலைக்குள்ள வளர்த்தா போதும், கொசுவலைன்னா கண் பெருசு. சுத்தி ரெண்டு மூணு வரிசை மக்காச்சோளம் போடுங்க, அசுவினி முதல்ல அதக் குத்தி வாயில இருக்கற வைரஸ அங்கயே விட்டுடும். பூசணி, வெள்ளரி, சுரைக்காய் கொடியெல்லாம் பக்கத்துல வேண்டாம், அதுங்களுக்கும் இந்த வைரஸ் வரும்.

ரகம் கேப்பீங்க. ஹவாய்ல மரபணு மாத்தின ரெயின்போ ரகத்த 1998ல கொண்டு வந்து தோட்டங்கள மீட்டாங்க, இங்க அது கிடையாது. ஹெசரகட்டால இருக்கற தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஐஐஹெச்ஆரோட அர்கா பிரபாத் ரகத்துப் பழம் அருமையா இருக்கும், ஆனா வைரஸ் தாங்கும்னு நெனச்சு வாங்காதீங்க.

ஸ்டெப் 4: பக்கத்து வீட்டு அங்கிள்
இதான் கஷ்டமான ஸ்டெப். காய் தொங்கற மரத்த வெட்ட யார் ஒத்துப்பாங்க? கூட்டிட்டுப் போய் காம்புல இருக்கற கோட்டக் காட்டுங்க, அப்பவும் மசியலன்னா உங்க கன்ன அவர் காம்பவுண்ட விட்டு எவ்ளோ தள்ளி வைக்க முடியுமோ வைங்க.