பினாங்கில் ஓட்டு, கோலாலம்பூரில் வேலை: வெளியூர் வாக்காளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் வாடை அடித்தாலே, கோலாலம்பூரின் செராஸிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பினாங்குப் பிள்ளைகள் சிலர் "தபால் ஓட்டுக்கு மனு போட்டுவிட்டால் போதும், ஊருக்குப் போக வேண்டாம்" என்பார்கள். ஆகப் பெரிய தவறு இதுதான்.

லண்டனிலோ மெல்பர்னிலோ இருக்கும் மலேசியர் தபால் ஓட்டு கேட்கலாம். தேர்தல் பணியாளர்கள், செய்தியாளர்கள், அன்றைக்குக் கடமையில் இருக்கும் சில துறையினர் ஆகியோரும் கேட்கலாம். போலீஸுக்கும் ராணுவத்துக்கும் முன்கூட்டியே ஓட்டுப்போடும் நாள் உண்டு. பினாங்கின் நிபோங் திபாலில் பெயர் இருந்து கோலாலம்பூரில் தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவர் இந்தப் பட்டியலில் இல்லை. 2022 பொதுத்தேர்தலில் அவர் நேரில்தான் போக வேண்டியிருந்தது. தீபகற்பத்தில் படிக்கும் சபா, சரவாக் மாணவர்களுக்கும் அதே கதிதான். கடல் கடந்தவருக்குக் கிடைப்பதை நாலு மணி நேர ரயில் தூரத்தில் இருப்பவருக்கு மறுப்பது என்ன நியாயமோ! ஆனால் விதி மாறும் என்று நம்பி டிக்கெட் வாங்காமல் இருக்க முடியாது.

அடுத்தது முகவரி. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. அதனால் ஐசியில் (அடையாள அட்டையில்) முகவரியை மாற்றினால் ஓட்டும் கூடவே வந்துவிடும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். வராது. பதிவிலாகாவில் மாற்றிய பிறகு தேர்தல் ஆணையத்திடம் தனியாக மனு செய்ய வேண்டும். ஆணையத்தின் மைஎஸ்பிஆர் டஃப்தார் இணையதளத்திலேயே செய்யலாம். நாடாளுமன்றம் கலைந்த பிறகு ஓடிப் பயனில்லை. 2022-இல் அக்டோபர் 10 கலைப்பு, நவம்பர் 19 வாக்களிப்பு. இடையில் நாற்பதே நாள்.

ஓட்டை மாற்றத்தான் வேண்டுமா என்பதையும் கணக்குப் பாருங்கள். பினாங்கில் 13 நாடாளுமன்றத் தொகுதி, 40 சட்டமன்றத் தொகுதி. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், அதாவது மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ள பகுதி. 11 நாடாளுமன்றத் தொகுதிகள் இருக்கின்றன, சட்டமன்றம் கிடையாது. நகராட்சித் தேர்தலோ 1965-க்குள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. ஓட்டைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தவர்கள் 2023 ஆகஸ்ட் 12 பினாங்கு சட்டமன்றத் தேர்தலை டிவியில்தான் பார்த்தார்கள். மாற்றாதவர்களோ ஒன்பது மாதத்துக்குள் இரண்டு முறை ஊருக்கு ஓடினார்கள். கிள்ளானிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ குடியிருப்பவருக்கு இந்த இழப்பு இல்லை, அது சிலாங்கூர் மாநிலம், அங்கே சட்டமன்றம் உண்டு. என்னைக் கேட்டால், அப்பா அம்மா இன்னும் ஊரில் இருந்து, தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் எப்படியும் போகிறவர்கள் மாற்ற வேண்டாம். இங்கேயே வீடு வாங்கிக் குடும்பமாகிவிட்டவர்கள் தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே மாற்றிவிடலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வேறு மாதிரி சறுக்குகிறார்கள். வாக்குச்சீட்டை ஏ உறையில் போட்டு ஒட்டி, அதையும் சாட்சி கையெழுத்திட்ட படிவம் 2-ஐயும் (அடையாள உறுதிமொழி) பி உறையில் வைக்க வேண்டும். படிவத்தை மறந்தால் ஓட்டு செல்லாது. வாக்களிப்பு நாளன்று கெடுவுக்குள் தேர்தல் அதிகாரியின் கைக்குப் போய்ச் சேரவும் வேண்டும். தபால் ஓட்டு உறுதியானவர் மனம் மாறி ஊருக்கு வந்து நேரில் போட முடியாது.

லீவு விஷயம். 1954 தேர்தல் குற்றச் சட்டத்தின்படி, ஓட்டுப்போட நியாயமான நேரத்தை முதலாளி சம்பளம் வெட்டாமல் தர வேண்டும். பட்டர்வொர்த் போய் வர ஒரு முழு நாள் தர வேண்டும் என்று அதில் எழுதியில்லை. முன்னதாகவே பேசி வைப்பது நல்லது. டிக்கெட்டும் அப்படியே. 2022-இல் தீபாவளிக்குப் போய் வந்து நாலு வாரம்கூட ஆகாமல் மறுபடியும் பேருந்து தேட வேண்டியிருந்தது.

சாலுரான், அதாவது வாக்குச்சாவடிக்குள் ஓட்டுப்போடும் அறை, வயதுப்படி பிரிக்கப்படுகிறது: முதியவர்கள் ஒன்றாம் எண்ணில், இளையவர்கள் கடைசி எண்ணில். வரிசை நீளமாக இருப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி எண்ணில்தான். மாலையில் போய் இறங்கும் பேருந்தை நம்பாதீர்கள். போன தடவை ஓட்டுப்போட்ட பள்ளிக்கூடமே இந்தத் தடவையும் என்று எண்ணி நேரே போய் நிற்கவும் வேண்டாம். கிளம்புவதற்கு முன் தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் இணையதளத்தில் ஐசி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.