கருஞ்சீரக எண்ணெய் குடிக்கேக்க நாங்க விடுற பிழைகள்

திருமலை ரவுனுக்குள்ள நாட்டு மருந்துக்கடையில கேட்டா கருஞ்சீரக எண்ணெய் கிடைக்கும், கிண்ணியா மூதூர்ப் பக்கம் எண்டா கனபேர்ட வீட்டு அலுமாரியிலயே ஒரு போத்தல் இருக்கும், எங்கட வீட்டுலயும் இருக்கு. நான் இதுக்கு எதிரான ஆளில்ல, ஆனா "நோயெதிர்ப்பு சக்தி கூடும்" எண்டு நம்பி ஆக்கள் செய்யுறதைப் பாக்க எனக்குப் பயமா இருக்கு.

முதல் பிழையே அந்தக் "கூடும்" எண்ட சொல்லுத்தான். இந்த எண்ணெயில இருக்கிற தைமோகுயினோன் எண்ட சாமானை, மனுசர்ட ரத்தத்தில இருந்து பிரிச்ச வெள்ளை அணுக்களோட லேப்ல சேர்த்துப் பாத்திருக்காங்க. அதுல கனக்கத் தெரியுறது உசுப்புறது இல்ல, அடக்குறது. காயம் பட்டா, கிருமி வந்தா, வீக்கத்தை உண்டாக்கச் சொல்லி அணுக்கள் ஒண்டுக்கொண்டு சைட்டோகைன் எண்டு சிக்னல் அனுப்பும், அந்த சிக்னலை உண்டாக்குற என்எஃப் கப்பா பி எண்ட சுவிட்சை இது தணிக்குது. அளவு கூடினா அணுவே செத்துப் போகுது. அப்ப ஒரு கரண்டி நல்லமெண்டா மூண்டு கரண்டி இன்னும் நல்லம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

இன்னொண்டு, லேப்ல அணு மேல நேரா ஊத்துறதும் நாங்க வாயால குடிக்கிறதும் ஒண்டில்ல. குடிக்கிறது குடல், ஈரல் எல்லாம் தாண்டித்தான் ரத்தத்துக்கு வரோணும், தைமோகுயினோன் தண்ணியில லேசாக் கரையாது, வழியிலயே நிறைய உடைஞ்சும் போயிரும். லேப் முடிவை வாட்ஸ்அப்ல பாத்திட்டு "இது சுகமாக்கும்" எண்டு அனுப்பாதீங்க. வெளிச்சமும் சூடும் பட்டாலும் அது பழுதாகும், குசினி அடுப்புக்குப் பக்கத்தில வைக்காம இருட்டுப் போத்தல்ல வைங்க.

எல்லாத்திலயும் பெரிய பிழை, கிளினிக் மருந்தை விட்டுட்டு இதைக் குடிக்கிறது. சில பேர் மருந்தையும் போட்டுக்கொண்டு ஒருத்தருக்கும் சொல்லாமக் குடிக்கிறாங்க, அதுவும் சரியில்ல, ஏனெண்டா இது சீனியையும் பிரஷரையும் கொஞ்சம் இறக்கக் கூடியது, சீனி மருந்தோட சேர்ந்தா சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கலாம். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடுற ஆக்கள், ஒபரேசனுக்கு நாள் குறிச்ச ஆக்கள், கிட்னி மாத்தினதால எதிர்ப்பைக் குறைக்க மருந்து எடுக்கிற ஆக்கள், வயித்தில பிள்ளை இருக்கிற ஆக்கள், தயவு செஞ்சு டொக்டரைக் கேக்காம இதைத் தொடாதீங்க. அடுத்த கிளினிக்குக்குப் போகேக்க கொப்பியோட அந்தப் போத்தலையும் பையில போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்க.