போர்வை விற்க ஃபாலோயர் முதலில் வேண்டாம்: வாட்ஸ்அப்பில் தொடங்கி வலை பின்னும் வழி

சரக்கு வீட்டில் அடுக்கி இருக்கு, போன் கையில் இருக்கு, ஆன்லைனில் எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அப்படி இருப்பவர்களுக்கான செய்முறை இது. உதாரணத்துக்குச் சென்னிமலைப் போர்வையை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டு மஞ்சளோ, காங்கயத்துச் செக்கெண்ணெயோ, திருப்பூர் பனியனோ, எதுவானாலும் வரிசை இதேதான். சாப்பிடும் பொருள் விற்பவர்கள் மட்டும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவை முதலில் முடித்துவிட்டு மேலே படிங்க.

வரிசை இதுதான்: நம்பர், கேட்லாக், பிராட்காஸ்ட். அதற்கு அப்புறம்தான் ரீல்ஸ். விளம்பரம் கடைசி. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஃபாலோயர் என்பவர் அந்த ஆப் வைத்திருக்கும் ஆள். ஆப் போனால் அவரும் போய்விடுவார். 2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தபோது, அங்கே லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. வாடிக்கையாளரின் போனில் உங்க நம்பரும் உங்க போனில் அவர் நம்பரும் இருந்தால்தான் அவர் உங்களுக்கு ஒறம்பரை, அதாவது உறவு.

1. கடைக்குத் தனி நம்பர்

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை இறக்கிக்குங்க, இலவசம்தான். ஒரே நம்பரைச் சாதா வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. அதனால் கடைக்குத் தனி சிம். கடையில் தரைவழி போன் இருந்தால் அதையே போடலாம். சரிபார்ப்பு எண்ணை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக அழைப்பில் கேட்கும் வழி இருக்கு.

சிம் வாங்கியவர்கள் ரீசார்ஜை மறந்துவிடாதீங்க. பல மாதம் செயல்படாமல் கிடந்தால் கம்பெனி அந்த நம்பரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். அவர் அதில் வாட்ஸ்அப் போட்டால் உங்க கடைப் பெயரைத் தேடி வரும் ஆளெல்லாம் அவரிடம் போய் நிற்பார்கள். செட்டிங்ஸில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு, 6 இலக்கப் பின் எண்ணைப் பேப்பரில் எழுதி பீரோவில் வைங்க.

2. கேட்லாக்

பிசினஸ் ஆப்பிலேயே படமும் விலையுமாகப் பொருளை அடுக்கிக் காட்டும் இடம் இது. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 500 பொருள் வரை ஏற்றலாம். 20 போதும், ஆனால் அந்த இருபதும் கையிருப்பில் இருக்கணும். ஒவ்வொன்றிலும் அளவு (டபுள் என்று மட்டும் எழுதாமல் 90-க்கு 100 அங்குலம் என்று), நூல், சாயம் போகுமா போகாதா, விலை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று போட வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் கண்டுபிடித்தால் போதும், பேர் கெட்டுவிடும்.

“விலைக்கு டிஎம் (தனிச் செய்தி) பண்ணுங்க” என்கிற பழக்கத்தை விட்டுடுங்க. விலை கேட்க வெட்கப்பட்டுத் திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். விலையைப் போட்டால் பேரம் குறையும், வாங்கும் எண்ணம் உள்ளவர் மட்டும் வருவார்.

3. பிராட்காஸ்ட்: எல்லாரும் தடுக்கி விழும் இடம்

இங்கே சித்த நேரம் நின்று படிங்க.

பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒரு செய்தி அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். மற்றவர் நம்பர் யாருக்கும் தெரியாது. இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலர் கவனிக்காமல் விடுவது: உங்க நம்பரைத் தன் போனில் சேவ் செய்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். நீங்கள் அவர் நம்பரை சேவ் செய்திருப்பது போதாது. 256 பேருக்கு அனுப்பி 4 பேர் பதில் போட்டால் “சரக்கு பிடிக்கவில்லை போல” என்று விலையைக் குறைப்பார்கள். கடைசியில் பார்த்தால் 200 பேருக்குச் செய்தியே போயிருக்காது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து இன்ஃபோவைத் தொடுங்க. ‘டெலிவர்ட்’ என்ற தலைப்பின் கீழே பெயர்கள் வரிசையாக வரும். இரண்டு நாள் கழித்தும் அதில் இல்லாத பெயர் எல்லாம் அநேகமாக உங்களை சேவ் செய்யாதவர்கள். அவர்களைத் தனியாகக் குறித்துக்குங்க.

சேவ் செய்ய வைப்பது எப்படி? “எங்க நம்பரை சேவ் பண்ணுங்க” என்று வெறுமனே கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். அவருக்கு அந்த நம்பர் தேவைப்படும் நேரம் ஒன்று இருக்கு. பணம் போட்ட நிமிஷத்தில் இருந்து பார்சல் கைக்கு வரும் வரை. அப்போது கேட்கணும்:

“பணம் வந்துருச்சுங்க. நாளைக்குக் கூரியரில் போடுகிறோம். டிராக்கிங் நம்பர் இந்த நம்பரில் இருந்துதான் வரும். ‘சென்னிமலை போர்வை’ என்று சேவ் பண்ணி வெச்சுக்குங்க.”

இதோடு உங்க கான்டாக்ட் கார்டையும் சேர்த்து அனுப்புங்க. அவர் டைப் செய்ய வேண்டியதில்லை, ஒரு தொடுதலில் சேவ் ஆகிவிடும். பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் பிரயோஜனமில்லை, போர்வையை விரித்துப் படுத்திருப்பார்.

உங்க பக்கமும் ஒழுங்காக சேவ் செய்யணும். பெயர், ஊர், வாங்கியது என்ற வரிசையில்: “மல்லிகா கரூர் டபுள் மெரூன்”. ஆறு மாதம் கழித்து மெரூனில் புது டிசைன் வரும்போது தேடலில் ‘மெரூன்’ என்று அடித்தால் அவர்கள் எல்லாம் வந்து நிற்பார்கள். பிசினஸ் ஆப்பில் லேபிளும் இருக்கு. சில்லறை, ரீசெல்லர் (உங்களிடம் வாங்கி மறுபடி விற்பவர்), கடைக்காரர் என்று மூன்று லேபிள் போட்டு, லேபிளுக்கு ஒரு லிஸ்ட் வைங்க.

எத்தனை முறை அனுப்பலாம்? வாரம் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். தினமும் “குட் மார்னிங்” பூப்படம் அனுப்பினால் பிளாக்தான். நாலு பேர் பிளாக் செய்து ரிப்போர்ட்டும் அடித்தால் நம்பரே முடங்கலாம். கடைக்காரர் லிஸ்டுக்குத் திங்கள் ராத்திரி, செவ்வாய்க்கிழமை அனுப்பாதீங்க. அந்த நேரம் அவர்கள் ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் மூட்டை கட்டிக்கொண்டு இருப்பார்கள். புதன் மதியம் அனுப்பிப் பாருங்க.

குரூப் ஆரம்பிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: சாதா குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். போட்டிக் கடைக்காரர் ஒருவர் உள்ளே வந்தால் உங்க வாடிக்கையாளர் பட்டியலை வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்த மாதிரி. ஆள் கூடினால் கம்யூனிட்டி திறந்து, அதன் அறிவிப்புக் குரூப்பை மட்டும் பயன்படுத்துங்க. அதில் உறுப்பினர் நம்பர் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது, அட்மினுக்கு மட்டும் தெரியும். சேனல் வேறு கணக்கு. அதில் வருபவர் யார் என்று உங்களுக்கே தெரியாது, விற்பனைக்கு அவ்வளவாக உதவாது.

நம்பர் பட்டியல் விலைக்கு வரும், ஒரே சொடுக்கில் ஆயிரம் பேருக்கு அனுப்பும் ஆப்பும் வரும், ஜிபி வாட்ஸ்அப் என்ற அதிகாரபூர்வமில்லாத நகல் ஆப்பும் வரும். மூன்றையும் தொடாதீங்க. புது சிம்மில் இருந்து முதல் நாளே முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேருக்குச் செய்தி போனால் நம்பர் தடை ஆவதற்கு அதுவே போதும்.

4. ரீசெல்லர்

இளம்பிள்ளைச் சேலை இந்த வழியில்தான் வீட்டுக்கு வீடு போனது. வீட்டில் இருந்தபடி விற்கும் பெண்கள் உங்க படத்தைத் தங்கள் ஸ்டேட்டஸில் வைப்பார்கள், ஆர்டர் வந்தால் உங்களிடம் சொல்வார்கள், பார்சல் அவர்கள் பெயரில் வாங்குபவருக்கு நேராகப் போகும். இதில் ஒரே ஒரு நுணுக்கம்: படம் இரண்டு வகையாக வேண்டும். சில்லறை லிஸ்டுக்குப் போகும் படத்தில் உங்க நம்பர் இருக்கலாம். ரீசெல்லருக்குப் போகும் படத்தில் நம்பரோ கடைப் பெயரோ இருக்கக் கூடாது. பார்சலுக்குள் விலைச்சீட்டும் கூடாது. ஒருமுறை தவறி வைத்துவிட்டால் அந்த ரீசெல்லர் திரும்ப வர மாட்டார், வேறு நாலு பேரிடமும் சொல்லிவிடுவார்.

5. இன்ஸ்டாகிராம்

இதன் வேலை ஒன்றுதான்: தெரியாத ஆளை வாட்ஸ்அப்புக்குக் கூட்டி வருவது.

புரொஃபைலில் ‘நேம்’ என்ற இடம் தேடலில் அகப்படும். அங்கே தாத்தா பெயரில் உள்ள கம்பெனியைப் போடாமல், மக்கள் தேடும் சொல்லைப் போடுங்க: ஊர், பொருள். தமிழிலும் ஆங்கில எழுத்திலும். யோசித்துப் போடுங்க, 14 நாளுக்குள் இரண்டு முறைதான் மாற்ற விடும். பயோவில் வாட்ஸ்அப் லிங்க். பிசினஸ் ஆப்பில் ஷார்ட் லிங்க் என்ற இடத்தில் அது தயாராகக் கிடைக்கும், அதை அப்படியே ஒட்டுங்க. கையால் அடிப்பவர்கள் நம்பருக்கு முன்னால் பூஜ்யம் போட்டு, லிங்க் திறக்காமல் ஆர்டரை இழக்கிறார்கள்.

பிசினஸ் அக்கவுண்டாக மாற்றியதும் சினிமாப் பாட்டெல்லாம் காணாமல் போகும். வியாபாரத்துக்கு அந்தப் பாட்டின் உரிமை கிடையாது, கோளாறு ஒன்றுமில்லை. கிரியேட்டர் அக்கவுண்டுக்கு மாறினால் பாட்டு வரும் என்று சொல்வார்கள். வரும்தான், ஆனால் விற்பனை வீடியோவுக்கு அதைப் போட்டால் சத்தம் முடக்கப்படலாம். அதைவிடத் தறிச் சத்தம் இருக்கிறதே! நாடா ஓடும் ‘டக்-டக்’ ஓசையை விட நல்ல பின்னணி இசை இந்தச் சரக்குக்கு எங்கே கிடைக்கும்? போனைத் தறியில் இருந்து மூன்றடி தள்ளிப் பிடிங்க. பக்கத்தில் வைத்தால் ஒலி உடையும்.

நிறம்தான் பெரிய தலைவலி. ரிட்டர்னில் பெரும்பங்கு “படத்தில் வேறு கலர், கையில் வேறு கலர்”. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மெரூன் செங்கல் நிறமாகத் தெரியும். அதனால் பல்பை அணைத்துவிட்டு, காலை 8-லிருந்து 10-க்குள், வாசல் திண்ணையில் நேர்வெயில் படாத நிழலில் எடுங்க. போர்வை ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைங்க. படத்தில் அந்தத் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் போர்வை நிறமும் ஏறக்குறைய சரி. தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ அடித்தால் இடம் மாற்றுங்க. எடுப்பதற்கு முன் திரையில் போர்வை மீது விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் துணியை விரிக்க விரிக்க நிறம் மாறிக்கொண்டே இருக்கும்.

ரீல் நெட்டுவாக்கில், 20 வினாடிக்குள். முதல் காட்சியிலேயே போர்வை விரியட்டும். கும்பிடு போட்டு “வணக்கம் நண்பர்களே” சொல்வதற்குள் பார்ப்பவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார். வெட்டி ஒட்ட இன்ஸ்டாகிராமின் எடிட்ஸ் ஆப்பே போதும், வாட்டர்மார்க் விழாது. தமிழ் எழுத்து போடுபவர்கள் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்க. சில எழுத்துருவில் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கும், போர்வை ‘பேர்ாவை’ ஆகிவிடும்.

வாரம் மூன்று ரீல். ஃபாலோயரை விலைக்கு வாங்க வேண்டாம், “மூன்று பேரை டேக் பண்ணுங்க, போர்வை இலவசம்” போட்டியும் வேண்டாம். அதில் வருபவர்கள் இலவசத்துக்கு வந்தவர்கள், அடுத்த இலவசம் வரும் வரை அசைய மாட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் உங்க பொருளைக் காட்டுபவர் யாராக இருந்தாலும் அது விளம்பரம் என்று லேபிள் போடச் சொல்லுங்க. அதுதான் விதி.

6. ஃபேஸ்புக்

பர்சனல் புரொஃபைலில் 5,000 நண்பருக்கு மேல் சேராது, அதனால் பேஜ். இன்ஸ்டாகிராமில் போடுவது அங்கேயும் தானாகப் போகும்படி இணைத்துவிட்டு மறந்துடுங்க. நாற்பது வயதைத் தாண்டியவர்களும் கல்யாணச் சீருக்கு மொத்தமாக வாங்குபவர்களும் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள்.

7. விளம்பரம்

மேலே சொன்னதெல்லாம் இரண்டு மாதம் ஓடிய பிறகுதான் இது. எந்த ரீலைப் பார்த்து வாட்ஸ்அப்புக்கு அதிகம் பேர் வந்தார்களோ அதற்கு மட்டும் காசு போடுங்க. ‘பூஸ்ட்’ பொத்தானை நம்பாமல் ஆட்ஸ் மேனேஜர் போய், வாட்ஸ்அப்புக்குச் செய்தி வரும் வகை விளம்பரத்தைத் தேர்வு செய்யுங்க. ஒரு நாளைக்கு 200 ரூபாய், 5 நாள். இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 1,000 ரூபாய்க்கு 1,180 என்று கணக்கு வைங்க. அக்கவுண்டுக்கு மொத்தச் செலவு வரம்பையும் போட்டுவிடுங்க, நிறுத்த மறந்தாலும் அதைத் தாண்டாது.

இடம் தேர்வில் கவனம். சென்னிமலையைச் சுற்றிப் போர்வை விளம்பரம் ஓட்டுவது ஊத்துக்குளிக்கே வெண்ணெய் கொண்டு போகிற கதை. கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு என்று வைங்க. வெளிமாநிலத்துக்கு விற்கும் முன் ஜிஎஸ்டி பதிவு பற்றி ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. தீபாவளி நோம்பிக்கு என்றால் மூன்று வாரம் முன்னாடியே தொடங்கி, பத்து நாள் இருக்கும்போது நிறுத்திடுங்க. அதற்கு மேல் கூரியர் குடோனில் பார்சல் தேங்கும், திட்டு உங்களுக்கு விழும்.

பின்சேர்க்கை: பலர் மாட்டிக்கொண்ட இரண்டு இடங்கள்

பக்கம் கொஞ்சம் வளர்ந்ததும் “உங்கள் அக்கவுண்ட் மீது காப்பிரைட் புகார், 24 மணி நேரத்தில் நீக்கப்படும்” என்று நீலச் சின்னம் போட்ட பெயரில் டிஎம் வரும், கூடவே ஒரு லிங்க். தொட்டு பாஸ்வேர்டு அடித்தால் பக்கம் அவர்கள் கைக்குப் போய்விடும். உண்மையான புகார் டிஎம்மில் வராது, செட்டிங்ஸில் அக்கவுண்ட் ஸ்டேட்டஸில் தெரியும். டூ-ஃபேக்டரை (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு எண்ணும் கேட்கும் பூட்டு) ஆதென்டிகேட்டர் ஆப்போடு போட்டு வைங்க.

இன்னொன்று, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். அதைப் பார்த்துப் பார்சல் கட்டாதீங்க, போலியாகச் செய்வது ரொம்பச் சுலபம். வங்கி ஆப்பைத் திறந்து தொகை வரவாகி இருக்கா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு “பணம் வந்துருச்சுங்க” செய்தியை அனுப்புங்க. பத்து ஆர்டர் தாண்டினால் இதை ஒவ்வொரு முறையும் அடிக்க முடியாது. குவிக் ரிப்ளையில் சேமித்து வைத்தால் சாய்வுக்கோடு அடித்ததும் முழு வாசகமும் வந்துவிடும். கான்டாக்ட் கார்டை மட்டும் தனியாக அனுப்பணும், அதை மறந்துடாதீங்க.