பரணில் கிடக்கும் பழைய காமிக்ஸை ஆன்லைனில் ஏலம் விடுவது எப்படி

வீடு மாறும்போதோ பரணை ஒழிக்கும்போதோ ஒரு தகரப் பெட்டி கீழே இறங்கும். திறந்தால் முத்து காமிக்ஸ், லயன், ராணி காமிக்ஸ், ஓரிரண்டு இந்திரஜால் எல்லாம் கலந்து கிடக்கும், அதற்குள் வீட்டில் யாராவது ஒருவர் பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிட்டிருப்பார். முதலில் அவரை வேண்டாம் என்று சொல்லுங்கள். எடைக்குப் போட்டால் டீச் செலவுக்குக்கூட வராது, ஆனால் அந்தப் பெட்டிக்குள் யாரோ ஒருவர் இருபது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிற இதழ் இருக்கலாம். திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு, பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் பொறுக்கியதையும் நண்பர்கள் கொடுத்ததையும் சில வருஷங்களாக ஏலம் விட்டு வருகிறேன். அதில் கற்றுக்கொண்டதை அப்படியே சொல்கிறேன்.

கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவி என்ற ஹீரோவின் கதையோடு ஆரம்பித்தது. லயனும் ராணியும் 1984-ல் வந்தவை, ராணி 2005 வரை வந்தது. இந்திரஜால் 1964-லிருந்து 1990 வரை. இதெல்லாம் பெரும்பாலும் மட்டமான தாளில் அச்சாகி, பையன்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து, கடைசியில் எடைக்குப் போனவை. அதனால்தான் முழுசாக மிஞ்சியதற்கு மதிப்பு.

இங்கே ஒரு விஷயத்தில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். மாயாவி கதைகள் பல முறை மறுபதிப்பு கண்டவை, அட்டையில் இரும்புக்கையைப் பார்த்ததும் முதல் பதிப்பு என்று போட்டுவிடாதீர்கள். விலை எவ்வளவு அச்சாகியிருக்கிறது, இதழ் எண் என்ன, வெளியீட்டாளர் விவரத்தில் மாதமும் வருஷமும் இருக்கிறதா, பின்னட்டையில் என்ன விளம்பரம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம், ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்றால் ஃபேன்டம் என்கிற முகமூடி வீரர், அவரே இந்திரஜாலில் வேதாளர். தலைப்பில் வெறுமனே 'மாயாவி காமிக்ஸ்' என்று போட்டால் இரும்புக்கை ரசிகர் வந்து ஏமாந்து போவார், உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையும் போகும்.

அடுத்தது நிலைமை. ஏலத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன். புத்தகத்தை மேஜையில் வைத்து, கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எண்ணுங்கள். நடுப்பக்கம் ஸ்டேப்ளர் பின்னிலிருந்து கழன்று தொலைந்திருப்பது ரொம்ப சகஜம். சென்னைக் காற்றின் ஈரத்தில் பின் துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாள் காப்பிக் கறை மாதிரி பழுத்து, தொட்டாலே விடுபடும். இராமபாணப் பூச்சி துளைத்த பொடி ஓட்டைகள் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். ஆறு வித்தியாசங்களில் யாராவது பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்களா, கூப்பனை வெட்டி அனுப்பியிருக்கிறார்களா, வாடகை நூல் நிலைய முத்திரை முதல் பக்கத்தில் மட்டுமா அல்லது நடுவிலும் குத்தியிருக்கிறதா என்று பார்த்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

பைண்டிங் செய்தவை தனி ரகம். பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்துக் காலிகோ துணி போட்டுத் தைத்து, மூன்று ஓரத்தையும் கட்டரில் வெட்டியிருப்பார்கள். அந்த வெட்டில் சில சமயம் அட்டையின் மேலே இருக்கிற எழுத்தே பாதி போயிருக்கும். தனித்தனி இதழ் அளவுக்கு விலை வராது என்பது உண்மைதான், ஆனாலும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிரித்தால் முதுகு கிழியும், ஒன்றும் மிஞ்சாது. ஒரே தொகுப்பாக ஏலத்தில் விடுங்கள், பல வருஷமாக ஒரு வீட்டில் சேர்ந்தே இருந்தவை சேர்ந்தே போகட்டும் என்று விரும்பி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் நான் ஒரு முத்து இதழை, அட்டை நன்றாக இருக்கிறதே என்ற தைரியத்தில், பக்கம் எண்ணாமல் விற்றுவிட்டேன். வாங்கினவர் கோயம்புத்தூர்க்காரர். பார்சல் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி போன் செய்தார், கோபமே இல்லை. "சார், நடுவுல நாலு பக்கம் இல்லீங்க, சின்ன வயசுல பாதியில விட்ட கதைங்க இது, இப்பவும் முழுசா படிக்க முடியலையே" என்றார். பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன், புத்தகத்தையும் அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன், ஆனாலும் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எத்தனை முறை பார்த்த இதழானாலும் எண்ணாமல் ஏலத்தில் போடுவதில்லை.

கிழிசலைச் சரிசெய்கிறேன் என்று செல்லோடேப்பை எடுக்காதீர்கள். பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாகும், அப்புறம் எடுக்கவே முடியாது. லேமினேஷன் அதைவிட மோசம். புது பேனாவில் பெயர் எழுதுவது, துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டுப் புதுசு அடிப்பது எதுவும் வேண்டாம். தூசியை மெத்தென்ற பிரஷால் தட்டினால் போதும்.

போட்டோவைக் காலை வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பில் மடிப்பெல்லாம் மறைந்துவிடும். முன்னட்டை, பின்னட்டை, முதுகு, பின் இருக்கும் நடுப்பக்கம், விலையும் இதழ் எண்ணும் தெரியும் பக்கம், அப்புறம் குறைகள் ஒவ்வொன்றும் கிட்டத்தில். புத்தகத்துக்குப் பக்கத்தில் அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதின துண்டுச்சீட்டை வைத்து ஒரு படம் கட்டாயம். அடுத்தவர் படத்தைத் திருடிப் போட்டு ஏலம் விடுகிறவர்கள் இருக்கும் உலகத்தில், புத்தகம் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. கதை முழுவதையும் படம் பிடித்துப் போட வேண்டியதில்லை, இரண்டு பக்கம் போதும்.

எங்கே விடுவது? ஈபேயின் இந்தியத் தளம் 2018-லேயே மூடப்பட்டுவிட்டது. தமிழ் காமிக்ஸுக்கு ஃபேஸ்புக் குழுக்களும் வாட்ஸ்அப் குழுக்களும்தான் சரியான இடம், அங்கேதான் ஆள் இருக்கிறார்கள். சேர்ந்த அன்றே ஏலத்தைப் போடாமல் கொஞ்ச நாள் மற்றவர்கள் ஏலத்தைக் கவனியுங்கள், நீங்களும் ஒன்றிரண்டு வாங்குங்கள். அமெரிக்க சூப்பர்ஹீரோ இதழ்கள் கையில் இருந்தால் ஈபேயின் அமெரிக்கத் தளம் ஏற்றது. அந்த இதழ்களைத்தான் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் தரும் சிஜிசி மாதிரி நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். நம் முத்து, லயன் இதழ்களுக்கு என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நல்ல போட்டோவும் நேர்மையான நாலு வரியும்தான் கேட்கிறார்கள்.

விலை பார்க்கும்போது, ஒருவர் 'ஐயாயிரம்' என்று போட்டு ஆறு மாசமாக விற்காமல் வைத்திருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். முடிந்த ஏலங்களில் கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்பதுதான் விலை. ஆரம்ப விலையைக் குறைவாக வையுங்கள், அப்போதுதான் நாலு பேர் கேட்க வருவார்கள், ஆனால் எந்த விலைக்குக் கீழே போனால் உங்களுக்கு மனசு வலிக்குமோ அதற்குக் கீழே ஆரம்பிக்காதீர்கள்.

விதிகளை முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள். ஆரம்ப விலை எவ்வளவு, ஒவ்வொரு கேட்புக்கும் குறைந்தது எவ்வளவு ஏற்ற வேண்டும் (நான் ஐம்பது ரூபாய் வைக்கிறேன்), எந்த நாள் எத்தனை மணிக்கு முடியும், தபால் செலவு யாருடையது என்று எல்லாம் அதில் இருக்கட்டும். நேரில் என்றால் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம், ஆன்லைனில் அந்த அவகாசம் இல்லை. ஒன்பது மணிக்கு முடியும் என்றால் எட்டு ஐம்பத்தொன்பதுக்கு ஒருவர் வந்து தட்டிக்கொண்டு போவார். அதனால் கடைசி ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும் என்று ஒரு விதி வையுங்கள். எனக்கு ஒத்துவந்தது மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சம்பளம் கையில் இருக்கும், ஆளும் வீட்டில் இருப்பார்.

நண்பரை விட்டுப் பொய்யாக விலை ஏற்றாதீர்கள். அது மோசடி, வேறு பேச்சே இல்லை. குழுவில் பழகினவர்களுக்கு யார் எதைச் சேர்க்கிறார் என்பது நன்றாகத் தெரியும், ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஏலம் முடிந்ததும் பணம் வந்த பிறகுதான் பார்சல். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். "க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துரும்" என்று யாராவது சொன்னால் உடனே பேச்சை நிறுத்திவிடுங்கள். யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, பின் போட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகும்.

பேக்கிங்கில் அவசரம் வேண்டாம். பாலிப்ரோப்பிலீன் உறையில் புத்தகத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் புத்தகத்தைவிட ஒரு விரல் பெரிதாக வெட்டின கெட்டி அட்டை வைத்து, அட்டையோடு அட்டையை மட்டும் டேப் போட்டு ஒட்டுங்கள், உறையின் மேல் டேப் படக் கூடாது. அதன் மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறை, அதற்கும் மேலே பெட்டி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை, பெட்டி எங்கேயாவது நனையத்தான் செய்யும், அதை நினைத்துக்கொண்டே கட்டுங்கள். கட்டுவதை ஒரே வீடியோவாக எடுத்து வைத்தால் பின்னால் சச்சரவு வராது. ஸ்பீட் போஸ்டில் போடுங்கள், விலை அதிகமானதற்குக் காப்பீடும் சேர்த்துக் கட்டுங்கள், ரசீதில் இருக்கும் எண்ணை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

ஏலம் போகாத இதழை அடுத்த வாரமே திரும்பப் போடாதீர்கள், சரக்கு தேங்கியிருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றிவிடும். உறையில் போட்டு, நிமிர்த்தி, சுவரோடு ஒட்டாத அலமாரியில் இரண்டு மூன்று மாசம் வையுங்கள். ஜனவரியில் புத்தகக் காட்சி சமயத்தில் புது இதழ் வாங்க வருகிறவர்கள் பழையதையும் விசாரிப்பார்கள், அப்போது எடுங்கள்.