இளவரசி கையில் வாளைக் கொடுக்கும் முன்

போன மாதம் ஒரு கதைப் பட்டறையில், புதிதாக எழுதுபவர்களின் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாமே பழைய தேவதைக் கதைகளை வீர இளவரசியை வைத்துத் திரும்பச் சொல்பவை. மூன்றாவது பிரதியைத் தாண்டும்போதே சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பத்து வருடத்துக்கு முன்னால் நான் எழுதிப் பரணில் போட்டதையே வேறு கையெழுத்தில் படிப்பதுபோல் இருந்தது. பாத்திரத்தின் பெயர் பாதியில் மாறுவது, குதிரை தண்ணீர்கூடக் குடிக்காமல் நாள் முழுக்க ஓடுவது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை இரண்டாம் வாசிப்பில் தானாகவே கண்ணில் படும். அப்படிப் படாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மூலத்தைப் படிக்காமல் திருத்துவது

"தவளைக்கு முத்தம் கொடுக்கிற அசட்டு இளவரசியை மாற்றிவிட்டேன் சார்" என்றார் ஒருவர், பெருமையாக. ஜெர்மனியின் நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் கதையில் அவள் முத்தமே கொடுப்பதில்லை. கோபத்தில் தவளையைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள், அது இளவரசனாகிறது. பாவம், அவர் திருத்தியது யாரோ சொல்லக் கேட்ட கதையை.

எப்போதும் சித்தியையே அரக்கியாக்குவது

கிரிம் தொகுப்பின் 1812இல் வந்த முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய்தான். 1819 பதிப்பில்தான் அவள் சித்தியானாள். எந்த அம்மாவை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுங்கள்.

ஊசியைப் பிடுங்கி வாளைக் கொடுப்பது

இதில் எனக்கு எட்டு மாதம் போனது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கிரிம் தொகுப்பில் 49ஆவது கதை, ஆறு அன்னங்கள். சித்தி மந்திரம் வைத்துத் தைத்த வெண்பட்டுச் சட்டைகளை வீசி, ஆறு அண்ணன்களையும் அன்னங்களாக்கிவிடுகிறாள். அவர்களை மீட்க வேண்டுமானால் தங்கை ஆறு வருடம் பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது. நட்சத்திரப் பூக்களால் ஆறு சட்டைகளும் தைத்து முடிக்க வேண்டும். நடுவில் ஒரு ராஜா அவளைக் கட்டிக்கொள்கிறான். பிள்ளை பிறந்ததும் மாமியார் அதைத் தூக்கிப்போய் ஒளித்துவிட்டு, தூங்குகிறவளின் வாயில் ரத்தத்தைப் பூசி, பெற்ற பிள்ளையையே தின்றுவிட்டாள் என்று ஊரைக் கூட்டுகிறாள். மூன்று பிள்ளை, மூன்று முறை. இவள் வாய் திறப்பதில்லை, தைத்துக்கொண்டே இருக்கிறாள்.

அப்போது எனக்கு இது பொறுக்கவில்லை. பொம்பளைப் பிள்ளை என்றால் வாயை மூடிக்கொண்டு தைக்க வேண்டுமா? சாபத்திலிருந்து மௌனத்தை நீக்கினேன், ஊசியைப் பிடுங்கினேன், வாளைக் கொடுத்தேன். முதல் மூன்று அத்தியாயம் பறந்தது. கோட்டைச் சுவர்மேல் வரும் சண்டை நன்றாகவே வந்திருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். நான்காவதில் மாமியார் ரத்தக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள், கதை படுத்துவிட்டது. வாயும் வாளும் இருக்கிறவள் புருஷனிடம் "உங்கம்மா செய்த வேலை இது" என்று சொல்ல வேண்டியதுதானே? சரி என்று ராஜாவைப் போருக்கு அனுப்பினேன். கடிதம் போடலாமே என்று தோன்றியது, தூதனைக் கொன்றேன். இரண்டாவது பிள்ளைக்கு இன்னொரு போர். மூன்றாவதுக்குப் போர் அலுத்துப்போய் ராஜாவுக்கு விஷக் காய்ச்சல். இப்படியே முப்பதாயிரம் வார்த்தை. படித்த எடிட்டர் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இவள் ஏன் இன்னும் இந்த வீட்டில் இருக்கிறாள்?"

என்னிடம் பதில் இல்லை. பழைய கதையில் இருந்தது. அடங்கிப்போவது என்று நினைத்து நான் பிடுங்கிப் போட்ட மௌனம்தான் அந்தக் கதையின் அச்சாணி. ஒரு வார்த்தை பேசினால் அவள் தப்பிக்கலாம், ஆறு அண்ணன்களும் காலத்துக்கும் பறவைதான். பிள்ளையைத் தின்றவள் என்று அவளை உயிரோடு கொளுத்தக் கூட்டிப்போகும்போதும் சட்டைகளைக் கைமேல் போட்டுக்கொண்டு போகிறாள். என் வாள்சண்டையில் அவளுக்கு இழக்க எதுவுமே இல்லை.

பட்டறையில் பாதிப் பிரதிகள் விழுந்தது இதே குழியில்தான். நிபந்தனையில் கை வைக்காதீர்கள். அதற்குள் அவளுக்கு என்ன வழி இருக்கிறது என்று தேடுங்கள். எழுதிக் காட்டினால் பேச்சில் சேருமா? சைகை? விசில்? முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு பண்ணுங்கள். விதியில் ஓட்டை இருந்தால் அவளே கண்டுபிடிக்கட்டும். அதே தொகுப்பின் 46ஆவது கதையில் மந்திரவாதி ஒரு முட்டையைக் கொடுத்து, போகிற இடமெல்லாம் கையோடு வைத்திரு என்கிறான். அக்காக்கள் இருவரும் அவன் திறக்கக் கூடாது என்ற பூட்டிய அறைக்குள் அதோடு போகிறார்கள், முட்டை அங்கிருக்கும் ரத்தத்தில் விழுகிறது, கறை போகவில்லை, மாட்டிக்கொள்கிறார்கள். கடைசித் தங்கை முதலில் முட்டையை ஓரிடத்தில் பத்திரமாக வைக்கிறாள், அப்புறம்தான் சாவியை எடுக்கிறாள். அவள் இளவரசிகூட இல்லை.

இளவரசனை மடையனாக்குவது

வேண்டாம்.

அரசவைத் தமிழ்

"தாங்கள் எங்ஙனம் இங்கு எழுந்தருளினீர்கள்" என்று அடுப்படியில் யாரும் கேட்க மாட்டார்கள், அரண்மனை அடுப்படியாகவே இருந்தாலும்.

கடைசிச் சட்டையை முடித்துவிடுவது

மூலத்தில் ஆறாவது சட்டைக்கு இடது கை தைத்து முடிவதற்குள் நாள் வந்துவிடுகிறது. அதனால் கடைசி அண்ணன் மனிதனாகும்போது ஒரு தோளில் அன்னத்தின் இறக்கை அப்படியே நின்றுவிடுகிறது. எனக்கு வந்த பிரதி ஒன்றில் அந்த இறக்கையும் மந்திரத்தால் மறைந்து, எல்லோரும் விருந்துக்குப் போகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன், கூடவே பட்டாபிஷேகமும் வைத்தேன். இப்போது எழுதிக்கொண்டிருப்பது அதற்கு மறுநாள் காலையில் தொடங்குகிறது. இறக்கைக்காரன் சட்டை மாட்ட முடியாமல் தங்கையைக் கூப்பிடுகிறான், அவள் ஊசியை எடுத்துக்கொண்டு வருகிறாள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே.